விலா வலிக்கு ஒரு நோட்டு

என் வலது விலாவில் வந்த வலியில் என் மனைவி போய்ச் சேரப் பார்த்தாள். படிக்கிறவர்களுக்கு ஏதோ தவறாக அச்சாகிவிட்டது என்று தோன்றும். தவறுதான். ஆனால் அச்சடித்தவர்மேல் பழி போட முடியாது, எல்லாம் என் கைங்கரியம்.

எங்கள் வீட்டில் எனக்கு உடம்புக்கு வந்தால் அது திருவிழா. கொடியேற்றத்திலிருந்து தீர்த்தவாரி வரை தெருவுக்கே தெரியும். என் மனைவி கலாவுக்கு வந்தால் அது சாதாரண வேலைநாள். அவள் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லைங்க" என்பாள். நானும் கேட்ட கடமை முடிந்தது என்று பேப்பரைப் புரட்டிவிடுவேன்.

நான் கீழவாஞ்சூர்ப் பக்கம் ஒரு எடைமேடையில் வேலை பார்க்கிறேன். நிலக்கரி ஏற்ற வரும் லாரியை முதலில் காலியாக நிறுத்தி எடை போடுவோம். ஏற்றிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு முறை போடுவோம். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் சரக்கு. கேபின் சன்னல் வழியாகச் சீட்டை டிரைவரிடம் நீட்டினால் வண்டி நகரும். பதினெட்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. வண்டி மேடையில் ஏறும்போது அதன் ஸ்பிரிங் பட்டை அமுங்குகிற விதத்தைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். (நானாகச் சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்டதில்லை.)

வலி வந்த அந்த வருடம் எங்கள் கேபினுக்குப் புதிதாக அலுமினியச் சன்னல் போட்டார்கள். பழைய மரச் சன்னல் போய்விட்டது, இனிமேல் கரித்தூசி உள்ளே வராது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முதல் நாள் அதற்குச் சந்தனமும் குங்குமமும்கூட வைத்தேன். இந்தச் சன்னலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

சன்னல் வந்து பத்து நாளில் வலி வந்தது. வலது பக்கம், கடைசி விலாவுக்குச் சற்று மேலே. முதல் நாள் பிடிப்பு என்று விட்டேன். இரண்டாம் நாள் தைலம் தேய்த்தேன். மூன்றாம் நாளும் போகவில்லை என்றதும் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

பக்கவாட்டு வலி என்று ஒரு வார்த்தை தட்டினால் போன் ஒரு நூறு காரணம் சொல்கிறது. தசைப்பிடிப்பு என்றுதான் முதலில் போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பதினெட்டு வருடம் சர்வீஸ் போட்ட மனிதனுக்கு வெறும் தசைப்பிடிப்பா? அதைத் தள்ளிவிட்டுக் கீழே போனேன். சிறுநீரகக் கல், ஈரல் வீக்கம், நுரையீரல் உறையில் நீர், பெருங்குடல் புண், விலா எலும்பில் விரிசல் என்று இருந்தது. அக்கி வந்தால்கூட தோலில் தெரிவதற்கு முன்பே அந்தப் பக்கம் வலிக்குமாம். நாளைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை எனக்குச் சிறுநீரகக் கல் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஈரல் போய்விட்டது. புதன்கிழமை சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் நின்று அக்கியைத் தேடினேன்.

கல்லாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று தினமும் வாழைத்தண்டுச் சாறு கேட்டேன். வாழைத்தண்டை நறுக்கி, விரலில் நாரைச் சுற்றிச் சுற்றி எடுத்து, அரைத்து, வடிகட்டிக் கொடுப்பது லேசான வேலை இல்லை. கலா ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் கொடுத்தாள். சில நாள் உட்கார்ந்துகொண்டு நறுக்கினாள், சில நாள் சுவரில் சாய்ந்துகொண்டு நறுக்கினாள். அதையெல்லாம் நான் பார்க்கத்தான் செய்தேன். கண் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் நடந்ததை மட்டும் என்னால் இன்றுவரை சிரித்துச் சொல்ல முடிவதில்லை. நான் போனைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். கலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பித்தப்பைக் கல். எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்ட பிறகு வலது பக்கம் மேல்வயிற்றில் வலி வரும். முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவும். குமட்டல் இருக்கும்."

கலா கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "தோள்பட்டைக்குக்கூட வருமாங்க?"

"வருமாம். ஆனா எனக்கு வரலையே." நான் தோளைச் சுழற்றிப் பார்த்தேன். ஏமாற்றமாக இருந்தது. "பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகமா வருமாம், போட்டிருக்கு. அப்ப இது இல்ல. விடு."

"எனக்குக்கூட இந்தப் பக்கம் அப்பப்ப..."

"உனக்கு வாயு. நேரத்துக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வியாதிக்குப் போனேன்.

வியாதி ஒரு முடிவுக்கு வராததால் நோட்டுப் போட்டேன். எடைமேடைப் புத்தி எங்கே போகும்? நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாள், வலி வந்த நேரம், போன நேரம், வலியின் அளவு, குறிப்பு என்று கட்டம் கட்டினேன். அளவுக்கு 'காலி', 'அரை லோடு', 'முழு லோடு' என்று மூன்று தரம். குறிப்பு என்ற கட்டத்தைத்தான் அகலமாக விட்டிருந்தேன். அதில் என் மனக்குறைகளை எழுதினேன். டாக்டருக்கு எல்லாம் தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்களுடையவை. எதிர்வீட்டு அந்துவான் ஐயா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்குகிறவர். அவருடைய மகன் பிரான்சிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு பெட்டி நிறைய மருந்து கொண்டுவருவான். அந்த மருந்துகளின்மேல் எங்கள் தெருவுக்கு அசாத்திய நம்பிக்கை. அட்டையில் இருப்பது எங்களில் ஒருவருக்கும் படிக்க வராது. படிக்க வரவில்லை என்பதே உயர்ந்த மருந்து என்பதற்கு அத்தாட்சி.

வலி தொடங்கி ஒரு மாதம் ஆனபோது கலாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நோட்டையும் எடுத்துக்கொண்டேன். அவர் மூன்று பக்கம் பொறுமையாகப் படித்தார்.

"ரொம்பக் கஷ்டப்படுறீங்க போலருக்கே தம்பி. எங்கிட்ட ஒரு வலி மாத்திரை இருக்கு. இருங்க" என்று ஒரு நீளக் குழாயை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

மூடியைத் திறந்தேன். மாத்திரை ஒவ்வொன்றும் சின்ன அப்பளம் மாதிரி இருந்தது. பெரிய நாட்டு மாத்திரை பெரிதாகத்தானே இருக்கும் என்று ஒன்றை எடுத்து, நாலாகக் கடித்து, அப்படியே விழுங்கினேன். அவர் கையில் தண்ணீர் டம்ளரோடு திரும்பி வருவதற்குள் என் வாய்க்குள் ஏதோ கிளம்பிவிட்டது. முதலில் புஸ்ஸென்று ஒரு சத்தம். அப்புறம் நுரை. வாயை மூடினேன், மூக்கு வழியாக வந்தது.

"மோன் தியே!" பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்ட அந்துவான் ஐயாவின் கையிலிருந்த தண்ணீர் தளும்பியது. "தண்ணியில கரைச்சுக் குடிக்கிறதுங்க அது! டம்ளர் எடுக்கத்தானே போனேன்!"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இன்னும் கொஞ்சம் நுரை வந்து சட்டைப் பையில் விழுந்தது.

கலா சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவள் சட்டென்று வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. இருந்தாலும் அந்துவான் ஐயா துண்டோடு என்னிடம்தான் ஓடிவந்தார். நுரை தள்ளுகிறவனை விட்டுவிட்டுச் சிரிக்கிறவளை யார் கவனிப்பார்கள்? எனக்கோ கடுங்கோபம். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துக் குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்.

நாற்பத்தோராம் நாள் ஸ்கேன் எடுப்பது என்று முடிவானது. வெறும் வயிற்றில் வர வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்றார்கள். ரிசல்ட் எப்படி வருமோ என்று முந்தின நாள் சாயங்காலம் எனக்கு நானே ஒரு கடைசி விருந்து வைத்துக்கொண்டேன். கிளிஞ்சல்மேட்டிலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்து வறுக்கச் சொன்னேன். கலா எனக்கு எதிரே ரசம் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு ரசம் சோறுதான்.

"இனிமே சேர்ந்து சாப்பிடுவமோ மாட்டமோ" என்று தழுதழுத்து ரெண்டு பெரிய துண்டை அவள் தட்டில் வைத்தேன்.

"எனக்கு ஒத்துக்க மாட்டேங்குதுங்க."

"எனக்காக."

எனக்காகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ஸ்கேன் சென்டரில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கலா வெளியே பெஞ்சில் இருந்தாள். ஸ்கேன் டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் படுப்பதற்கு முன்பே நோட்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒரு கையால் கருவியை என் வயிற்றில் உருட்டிக்கொண்டே இன்னொரு கையால் நோட்டைப் புரட்டினார். புருவம் ஏறிக்கொண்டே போனது. நம் கேஸ் லேசுப்பட்டதில்லை என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை.

"எல்லாம் நார்மலா இருக்கு சார்."

"நல்லாப் பாருங்க டாக்டர். முழு லோடு வலி."

அவர் கருவியை வைத்துவிட்டு என் விலாவைப் பார்த்தார். "இங்க நேர்கோடு போட்ட மாதிரி ஒரு கன்னிப்பு இருக்கே. ஏதாவது விளிம்புல அழுத்திச் சாயுவீங்களா? என்ன வேலை?"

வேலையைச் சொன்னேன். புரியவில்லை என்றார். சரி என்று எழுந்து உட்கார்ந்து, படுக்கையின் இரும்புக் கம்பியைச் சன்னலாக வைத்துக்கொண்டு, லாரி டிரைவருக்குச் சீட்டு கொடுக்கிற மாதிரி எட்டி நீட்டிக் காட்டினேன். "ஆ!" என்று கத்திவிட்டேன். அதே இடம், அதே வலி. நான் சந்தனம் வைத்த அலுமினியச் சன்னலின் விளிம்பு, ஒரு நாளைக்கு நூறு லாரி, நூறு தடவை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சன்னல் கட்டையில ஒரு பழைய தலையணையைக் கட்டுங்க சார்" என்றார். நாற்பத்தொரு நாள் ஆராய்ச்சிக்கு ஒரு தலையணைதான் பலன். நான் பேண்ட்டைக்கூடச் சரியாக இழுத்து விடவில்லை, வெளியே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது.

கலா பெஞ்சிலிருந்து சரிந்து கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. இரண்டு நர்ஸுகளும் நானும் சேர்ந்து தூக்கி, நான் படுத்திருந்த அதே படுக்கையில் போட்டோம். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டாங்களா?"

கலாவே முனகினாள். "அவர் சாப்பிடாம நான் எப்படி..." அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் அன்று உதவியது. வெறும் வயிறு என்பதால் உடனே ஸ்கேன் செய்தார்கள். பித்தப்பை நிறையக் கல், சுற்றிலும் வீக்கம்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். "இவங்களுக்கு எத்தனை நாளா வலி?"

நான் வாயைத் திறந்தேன். அன்றைக்கு நுரைகூட வரவில்லை. என் வலி வந்த நேரத்தை நிமிடக் கணக்காகச் சொல்வேன். இருபத்து மூன்று வருடம் கூட இருந்தவளின் வலி எப்போது வந்தது என்று தெரியவில்லை. "தெரியலைங்க" என்றேன்.

"இருங்க, இதுல ஏதோ படிச்சேனே" என்று அவர் என் நோட்டை எடுத்தார். குறிப்புக் கட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். நர்ஸுகள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பதாம் நாள். வெந்நீர் கேட்டேன். கலா சுருண்டு படுத்திருந்தாள். இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் எழுந்தாள்."

"பதினாறாம் நாள். சொந்தக்காரர் வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டு வந்ததிலிருந்து கலா முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வலியைக் கேட்கவே இல்லை."

"இருபத்திரண்டு. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள். கோபம் போல. காரணம் தெரியவில்லை."

"முப்பது. எனக்கு நுரை தள்ளியது. கலா சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. இரக்கமே இல்லை."

"முப்பத்தாறு. ரசம் சோறு மட்டும் சாப்பிடுகிறாள். விரதமாம். எனக்காக வேண்டிக்கொண்டிருப்பாள்."

டாக்டர் நோட்டை மூடினார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "எல்லாமே எழுதித்தான் வச்சிருக்கீங்க சார்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்த ஸ்கேன் மிஷினுக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

தஞ்சாவூருக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வயிற்றில் ஸ்கேனுக்குத் தடவிய பசை காயவில்லை. வண்டி நாகூரைத் தாண்டிய பிறகுதான் காலையில் குடித்த ஒரு லிட்டர் தண்ணீர் இன்னும் உள்ளேயே இருப்பது ஞாபகம் வந்தது. திருவாரூர் வருவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்தேன்.

கலா கண்ணைத் திறந்தாள். அந்த நிலைமையிலும் பார்த்துவிட்டாள். "நிறுத்தச் சொல்லிப் போய்ட்டு வாங்க" என்றாள்.

நான் போகவில்லை. கல்யாணம் ஆன நாள் முதல் அவளுக்காக நான் பொறுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தஞ்சாவூர் வரை பொறுத்துக்கொண்டேன். பயத்தில் அழுதுகொண்டும் இருந்தேன். எதற்கு அழுகிறேன் என்று டிரைவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

பித்தப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, ஒரு கல் குழாயில் நழுவி அடைத்திருக்கிறது, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்று அங்கே சொன்னார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது கலா என்னைக் கூப்பிட்டாள். கடைசியாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன்.

"வாழைத்தண்டு நறுக்கி மோருல போட்டு வச்சிருக்கேன். வீட்டுக்குப் போனா தூக்கிக் கொட்டிடுங்க, வீணாயிருக்கும்."

பிழைத்துக்கொண்டாள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஓடிவந்து ஒரு வாரம் கூட இருந்தாள். அந்த நோட்டை அவள்தான் எடுத்துப் படித்தாள். படித்து முடித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள். பேசியதோடு விடாமல் வந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாசித்தும் காட்டினாள். அங்கிருந்துதான் அது குடும்பச் சொத்தானது. இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் எந்த ஆண்பிள்ளை தலைவலி என்றாலும் "நோட்டுப் போட்டியா?" என்றுதான் கேட்பார்கள். நான் கேபின் சன்னலில் தலையணை கட்டிய நாளிலிருந்து என் விலாவுக்கு ஒன்றும் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து கலாவிடம் "வலி இருக்கா?" என்று கேட்கிறேன். "காலி வண்டிங்க" என்கிறாள். அதை நான் முழுசாக நம்புவதில்லை. அவள் எனக்குச் சொல்லாமல் இருந்ததற்கு நான் பழக்கிய பழக்கம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பு வரும்போது விலாவில் இல்லாமல் வேறெங்கோ வலிக்கிறது.

போன தை மாதம் கோட்டுச்சேரியில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம். சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு தட்டில் மஞ்சள் தடவிய நீள நோட்டும் பேனாவும் இருந்தன. கலா வைத்தது. பெண்ணின் அப்பா ஒன்றும் புரியாமல் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னங்க?"

"மாப்பிள்ளைக்குங்க" என்றாள் கலா. "பொண்ணு என்னிக்கெல்லாம் ரசம் சோறு சாப்பிடுதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

விஷயம் தெரிந்த எங்கள் பக்கம் முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெண் வீட்டாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு வேறு வழி ஏது? கலாதான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயோ, சிரிப்புதாங்க" என்றாள் கலா. "நெசமா சிரிப்புதான்."

அதற்குள் நான் பந்தலைத் தாண்டி, செருப்பைக்கூடப் போடாமல், அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் நோட்டுக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.